நூற்றொன்றுக்கு ஒரு பெட்டி

அட்டைப்பெட்டி செய்கிறவர்களுக்கு மழைக்கு அடுத்த தொல்லை பகா எண்கள்தான். முத்தையாபுரத்தில் சிறிய பட்டறை வைத்து, உள்ளே அறை அறையாகத் தடுத்த பெட்டிகள் செய்கிறேன். ஓர் அறைக்கு ஒரு மக்ரூன், எங்கள் ஊர் முந்திரி இனிப்பு. வாடிக்கையாளர் சொல்லும் எண்ணை இரண்டு எண்களின் பெருக்கலாகப் பிரிக்க முடிந்தால்தான் பெட்டிக்கு நீளமும் அகலமும் கிடைக்கும். ஆனால் சுப காரியம் என்றால் நம் ஊரில் ஐம்பது ஐம்பத்தொன்றாகும், நூறு நூற்றொன்றாகும். அந்தக் கடைசி ஒன்று படுத்தும் பாடு, இதே தொழிலில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததா?

ஐம்பத்தொன்று

மக்ரூன் கடை அண்ணாச்சி முதலில் கேட்டது ஐம்பத்தொன்று. ஐம்பது என்றால் ஐந்துக்குப் பத்து, அழகான பெட்டி. ஐம்பத்தொன்றுக்கு மூன்றும் பதினேழும்தான் வழி. ஓர் அறை மூன்று சென்டிமீட்டர். ஒன்பது சென்டிமீட்டர் அகலத்தில் அரை மீட்டர் நீளத்துக்கு ஒரு பெட்டி வந்தது. அண்ணாச்சி அதைத் தோளில் சாய்த்துக் குறி பார்த்தார்.

“ஏலே தம்பி, மக்ரூனுக்குப் பெட்டி கேட்டா துப்பாக்கிக்கு உறைல்ல செஞ்சிருக்க!”

பத்தடி

அடுத்தது நூற்றொன்று. அண்ணாச்சி கடைக்கு வந்த ஸ்ரீவைகுண்டத்து விவசாயி ஒருவர், மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவருக்கும் பெட்டி கொடுக்க ஆசைப்பட்டார். ஓர் அறைகூடக் காலியாக இருக்கக் கூடாது என்றார். “நாளைக்கு மதியத்துக்குள்ள மாதிரிப் பெட்டி வரலன்னா மதுரைக்காரன்ட்டப் போயிருவேன்” என்றார் அண்ணாச்சி. என் பட்டறையின் பாதி வேலை அவருடையது. அவர் போனால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு ஆகியவற்றால் வகுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மீதி நின்றது. பதினொன்றைத் தொடவே இல்லை. பதினொன்றைப் பதினொன்றால் பெருக்கினாலே நூற்றிருபத்தொன்று, நூற்றொன்றைத் தாண்டிவிடும். ஆக, நூற்றொன்று பகா எண். ஒரே வரிசையில் அடுக்கினால் பெட்டியின் நீளம் பத்தடி. என் பட்டறையில் தடுப்பு ஒட்டும் ஜெபா, அளவு நாடாவைப் பிடித்து அளந்து பார்த்தாள்.

“அண்ணே, இத வாங்கிட்டுப் போறவுக பஸ்ல ஏற முடியாது. லாரிதான் பிடிக்கணும்.”

மாத்திரைக் கணக்கு

நூற்றொன்று ஆகாது என்றால் ஒன்றில் முடியும் வேறு எண் வேண்டும். தொண்ணூற்றொன்றை எழுதிய கையோடு அடித்துவிட்டேன். அதன் முகத்தைப் பார்த்தாலே பகா எண் என்று நினைத்தேன். முகம் பார்த்து முடிவு செய்கிற இந்தப் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஜெபா விடவில்லை. அவள் அம்மாவுக்குத் தினம் ஒன்று வீதம் பதின்மூன்று வாரத்துக்கு மாத்திரை எழுதியிருந்தார்களாம். மொத்தம் தொண்ணூற்றொன்று. ஏழுக்குப் பதின்மூன்று! உடனே அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். பெண்ணின் அப்பா அவர் பக்கத்திலேயே இருந்தார், போனை வாங்கிக்கொண்டார்.

“நூறுக்குக் குறைஞ்சா சம்பந்தி வீட்ல என்னைய மதிப்பாவளா? வேண்டவே வேண்டாம்.”

தொடாமல் விட்ட எண்

மறுநாள் காலை நூற்றொன்றுக்கு மேலே போய்ப் பார்த்தேன். நூற்றுப்பதினொன்று மூன்றுக்கு முப்பத்தேழு. மறுபடியும் துப்பாக்கி, அதுவும் இரட்டிப்பு நீளம். அடுத்த எண்ணை எழுதியதும் கை நின்றது. நூற்றிருபத்தொன்று! முந்தின நாள் நூற்றொன்றைத் தாண்டுகிறதென்று நான் தள்ளிவைத்த எண். பதினொன்றுக்குப் பதினொன்று. நாலு பக்கமும் சமமான சதுரப் பெட்டி. ஜெபாவும் நானும் பத்து அட்டையை நெடுக்கிலும் பத்து அட்டையைக் குறுக்கிலும் கோத்து முடித்தபோது பதினொன்றரை மணி.

கடையில் பெண்ணின் அப்பா இந்தப் பக்கம் எண்ணினார், பெட்டியைத் திருப்பி அந்தப் பக்கம் எண்ணினார். காலி அறை ஒன்றும் இல்லை. நூற்றுக்குக் குறையவும் இல்லை. கடைசியில் அந்த ஒன்றும் இருக்கிறது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து, பெட்டிக்கு இருபது மக்ரூன் கூடுதலாக விற்கப்போகிற அண்ணாச்சி மேசையில் தட்டினார்.

“மதுரைக்காரன் கெடக்கான்! இனி கல்யாணம்னு எவன் வந்தாலும் நூத்தியிருவத்தொண்ணுதான் ராசின்னு சொல்லிருதேன், தம்பி!”

ஆக நண்பர்களே, கடைசியில் ஒன்று சேர்க்கும் வழக்கத்தை நம்மால் மாற்ற முடியாது. எந்த எண்ணோடு சேர்ப்பது என்பதை மட்டும் கொஞ்சம் நகர்த்திவைக்கலாம்.