கருமாதிக்கு முன்பே மழித்த தலை

"என்னை எடுக்கிற அன்னைக்கே பையனுக்குத் தலை மழிச்சிடணும். பதினாறு வரைக்கும் வைக்கக் கூடாது. ஏன்னு கேக்கறவங்களுக்குத் தம்பி சொல்லுவான்."

கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த அரைத்தாளில் அண்ணன் எழுதி வைத்த குறிப்பு இது. மேல் மூலையில் 3.6.2021 என்று தேதி இருக்கிறது. கீழே கையெழுத்து. அண்ணி அதை மருத்துவச் சீட்டுகளோடு சேர்த்து வைத்திருந்தார். சென்ற ஆண்டு ஜூலை 9ஆம் தேதி அண்ணன் மறைந்த காலையில் எடுத்து என்னிடம் கொடுத்தார். அன்று பிற்பகல், உடலைத் தூக்குவதற்கு முன்பாக, அண்ணன் மகனுக்கு மொட்டை அடிக்கப்பட்டது.

எங்கள் உறவுமுறையில் பதினாறாம் நாள் கருமாதியன்று குளக்கரையில்தான் மகனுக்குத் தலையும் மீசையும் மழிப்பார்கள். இது வாசகர்கள் எல்லோருக்கும் தெரியும். கொள்ளிச்சட்டியோடு மொட்டைத் தலையாக வந்து நின்ற பையனைப் பார்த்துப் பெரிய மாமா பந்தலிலேயே கேட்டார்:

"யாரக் கேட்டு மழிச்சீங்க? பதினாறு நாள் பொறுக்க முடியலியா? கருமாதிக்கு லீவு கெடைக்காதுன்னா சொல்லுடா, உன் மேனேஜருக்கு நானே லெட்டர் எழுதித் தர்றேன்!"

சிலர் சிரித்தார்கள்.  எனக்கு அன்று விளக்கம் சொல்லும் நிலை இல்லை. பிறகு கருமாதிக்கு வந்தவர்களும், தொலைபேசியில் துக்கம் விசாரித்தவர்களும் இதையே கேட்டார்கள். ஓராண்டு நிறைவுக்கு அச்சிடும் இந்த மலரில் அதற்குப் பதில் எழுதுகிறேன். எழுதச் சொன்னவர் அண்ணன்தான்.

அண்ணன் 1959இல் மயிலத்துக்குக் கிழக்கே உள்ள எங்கள் சிற்றூரில் பிறந்தார். பள்ளிப் பதிவேட்டில் பிறந்த தேதி ஜூன் 1 என்று உள்ளது. சேர்க்கும்போது ஆசிரியர் போட்ட தேதி அது. சரியான நாள் அம்மாவுக்கும் தெரியாது. "மல்லாட்டை புடுங்கற நேரம்" என்று நிலக்கடலை அறுவடையைச் சொல்வார். எங்களுக்கு நிலம் இல்லை. அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் போனார்கள். அண்ணன் திண்டிவனத்தில் பள்ளி இறுதி வகுப்பு முடித்து, 1978இல் விழுப்புரத்தில் நடந்த ராணுவ ஆள் எடுப்பில் வெறுங்காலோடு ஓடித் தேறினார். அவர் அனுப்பியதை வைத்துத்தான் வீட்டுக்கு ஓடு போட்டோம். நான் கல்லூரி வரை படித்தேன்.

1985இல் அப்பா இறந்தபோது அண்ணன் ராஜஸ்தானில் இருந்தார். தந்தி கிடைத்து, ரயில் மாறி மாறி அவர் வந்து சேர்ந்தது மூன்றாம் நாள். கொள்ளி வைத்தது நான். பதினாறாம் நாள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து தலை மழித்துக்கொண்டோம்.

1987 ஜூலை இறுதியில் இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதி காக்கப் போன நம் படை அக்டோபரில் போரில் இறங்கியது. அந்த ஆண்டின் கடைசியில் அண்ணனின் பிரிவும் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டது. அப்போது அவர் நாயக் என்னும் கீழ்நிலைப் பதவியில் இருந்தார். தமிழ் தெரிந்தவர் என்பதால் சோதனைச் சாவடியில் அதிகாரிகளுக்கு மொழிபெயர்க்கும் வேலையும் அவர் தலையில் விழுந்தது.

அந்தக் காலத்துத் திண்டிவனம் எப்படி இருந்தது என்பதை இளைய வாசகர்களுக்காகக் குறித்து வைக்கிறேன். தொடக்கத்தில் படை போனதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. சண்டை தொடங்கிய பிறகு சுவர்களில் படைக்கு எதிரான வாசகங்கள் வந்தன. சில நாள் கடையடைப்பும் இருந்தது. பேருந்து நிலையத்து டீக்கடைகளில் சாயங்கால ரேடியோச் செய்தியின்போது பேச்சு நின்றுவிடும். சுட்டவர், செத்தவர் என்ற இரு பக்கத்திலும் தமிழ்ப் பெயர்கள் வந்தது மக்களைக் குழப்பியது. அண்ணன் எங்கே என்று யார் கேட்டாலும் "அஸ்ஸாம்" என்று சொல்லும்படி அம்மா எங்களுக்குச் சொல்லிவைத்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எங்கள் வீட்டில் அந்தப் பொய் இருந்தது. சொன்னவர்களில் நானும் ஒருவன்.

அவர் எழுதிய பதினோரு கடிதங்கள் என்னிடம் உள்ளன. ராணுவ அஞ்சல் வழியாக வந்ததால் ஊர்ப் பெயர் எதிலும் இல்லை. பெரும்பாலும் நலம் விசாரிப்பும் மழை விசாரிப்பும்தான். 28.8.1988 தேதியிட்ட கடிதத்தில் மட்டும் ஒரு வரி வேறாக இருக்கிறது: "சென்ற வாரம் ஒருவரை நிறுத்தினோம். நேரில் சொல்கிறேன்." ஆனால் நேரில் சொல்ல அவருக்குப் பதினேழு ஆண்டுகள் ஆயின.

1990 தொடக்கத்தில் அண்ணனின் பிரிவு திரும்பியது. படையின் கடைசிப் பகுதி மார்ச்சில் சென்னையில் கப்பலை விட்டு இறங்கியபோது மாநில அரசின் வரவேற்பு இல்லை என்பது அன்றைய நாளிதழ்களில் உள்ள செய்தி. அண்ணன் வந்த நாளில் வரவேற்பு பற்றி யாரும் யோசிக்கவே இல்லை. விழுப்புரத்தில் ரயிலை விட்டு இறங்கும் முன்பே கழிவறையில் சீருடையை மாற்றிக்கொண்டு லுங்கியில் வந்தார். அப்படிச் செய்யும்படி நான்தான் கடிதம் எழுதியிருந்தேன்.

அந்த ஆண்டு கண்டமங்கலம் பக்கம் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் தாய்மாமன் கேட்டார்:

"மாப்ள கடைசியா எங்க டூட்டியில இருந்தாரு?"

"அஸ்ஸாம்ங்க" என்றார் அம்மா.

"இல்லீங்க, யாழ்ப்பாணம்" என்றார் அண்ணன்.

 அந்த மாமன், "யாழ்ப்பாணத்துல என்னா பண்ணிக்கினு இருந்தீங்க?" என்றார்.

"சொன்னத பண்ணிக்கினு இருந்தேங்க."

தட்டில் இருந்த பழத்தை யாரும் தொடவில்லை. தமிழனைச் சுட்ட கைக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று இரண்டாம் நாள் ஆள் சொல்லியனுப்பினார்கள். அம்மா அழுதார். அண்ணன், "பஜ்ஜி நல்லா இருந்துச்சும்மா, அதான் பேஜாரு" என்றார்.

1991 மே மாதம் முன்னாள் பிரதமர் கொல்லப்பட்டார். காற்று ஒரே வாரத்தில் திசை மாறியது. அகதி முகாம்களில் சோதனை நடந்தது. இலங்கைத் தமிழருக்கு வாடகை வீடு கிடைப்பது நின்றது. அந்த ஆண்டு ஆடியில் அதே தாய்மாமன் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் எங்களைப் பார்த்து வலிய வந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க போனப்பவே மொத்தமா முடிச்சிட்டு வந்திருக்கணும் சார்."

அண்ணன் கையை விடுவித்துக்கொண்டு சொன்னார்: "போன வருசம் நான் கொலகாரன். இந்த வருசம் வேலய முடிக்காத சோம்பேறி. நீங்க முதல்ல ஒரு முடிவுக்கு வாங்க, அப்புறமா நான் வர்றேன்."

1992இல் அண்ணனுக்குத் திருமணம் நடந்தது. யாழ்ப்பாணம் பற்றி அண்ணி வீட்டார் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதை அண்ணன் வாழ்நாள் முழுவதும் மரியாதையோடு சொல்லுவார். 1994இல் ஓய்வு பெற்றுத் திண்டிவனத்தில் மல்லாட்டை ஏலம் நடக்கும் கமிட்டி என்னும் அரசு விற்பனைக் கூடத்தில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். நேரம் தவறாதவர். மூட்டையிலிருந்து ஒரு கை மல்லாட்டையை யாராவது அள்ளினாலும், "அது வெவசாயிது, போட்டுடுங்க" என்பார்.

அந்தக் கமிட்டிக் கிடங்குக்கு வெள்ளையடிக்க வந்தவர்களில் ஒருவர், மரக்காணம் சாலைப் பக்கம் இருந்த அகதி முகாமைச் சேர்ந்த இலங்கைத் தமிழர். பெயின்டர் தம்பி என்றே அண்ணன் அழைப்பார். இருவருக்கும் பழக்கம் உண்டாயிற்று. தாம் எங்கே பணியாற்றினார் என்பதை முதல் மாதத்திலேயே அண்ணன் அவரிடம் சொல்லிவிட்டார். அவர், "தெரியும் அண்ணை. நீங்கள் நிக்கிற நிலையிலேயே தெரியும்" என்று மட்டும் சொன்னாராம்.

2005 மார்ச்சில் பெயின்டர் தம்பியின் தந்தை முகாமில் காலமானார். அண்ணனும் நானும் மாலை வாங்கிக்கொண்டு போனோம். உடலைத் தூக்குவதற்கு முன், குளித்துவிட்டு மகன் வெளியே வந்தார். தலை முழுவதும் மழிக்கப்பட்டிருந்தது.

"இன்னிக்கேவா?" என்று அண்ணன் கேட்டார்.

பக்கத்தில் நின்ற பெரியவர், "எங்கட பக்கம் கொள்ளி வைக்கிறவர் இண்டைக்குத்தான் வழிக்க வேணும். ஏன், உங்கட ஊரில எப்பிடி?" என்றார்.

 அண்ணன், நாற்காலி பக்கத்தில் இருந்தும், தரையில் உட்கார்ந்துவிட்டார். வெயில் என்று நினைத்து யாரோ சோடா கொண்டுவந்தார்கள். சுடுகாடு வரை வந்தார். திரும்பும் பேருந்தில்தான் எனக்குச் சொன்னார். அவர் சொன்னதை அன்றே எழுதிவைத்தேன். அந்தக் குறிப்பிலிருந்தே இங்கே தருகிறேன்.

1988 ஆகஸ்டில் அவர்கள் சாவடி போட்டிருந்த சந்திக்குச் சற்றுத் தொலைவில் கண்ணிவெடியில் அவர் பிரிவினர் இருவர் இறந்தார்கள். வடநாட்டு வீரர்கள் சிலர் அண்ணனிடம் "உங்க ஆளுங்க" என்று பேசத் தொடங்கியிருந்தார்கள். மூன்றாம் நாள் காலையில், சைக்கிளில் வந்த ஓர் இளைஞரை நிறுத்தினார்கள். இருபது வயதுக்கு மேல் இருக்கும். அப்போதுதான் மழித்த தலை. அடையாளத்தை மறைக்கத்தான் மழித்திருக்கிறான் என்பது அதிகாரியின் சந்தேகம். அப்பாவை நேற்று எரித்தோம், சாம்பல் அள்ளப் போகிறேன் என்றார் அந்த இளைஞர். அண்ணன் அதை இந்தியில் சொன்னார். அதிகாரி கேட்டது ஒரே கேள்வி: "நீ தமிழன். இவன் சொல்வது உண்மையா?"

"நான் ஒரு நிமிசம்கூட யோசிக்கலடா" என்றார் அண்ணன். "எங்க ஜனங்க பதினாறாம் நாள்தான் மழிப்பாங்க, நேத்து செத்தவருக்கு இன்னிக்கு மொட்டை கெடையாது, பொய் சொல்றான்னு ஜல்தியா சொல்லிட்டேன். நம்ம அப்பாவுக்கு நாம பண்ணது கண்ணுல இருந்துச்சு. ஒரே பாஷை, ஒரே சாமி, சாவு மொறையும் ஒண்ணாத்தான் இருக்கும்னு நெனச்சிக்கினேன். அது பாதிதான். மீதி என்னான்னா, என்னைச் சந்தேகப்படக் கூடாதுன்னு பயம்."

இளைஞரை வண்டியில் ஏற்றினார்கள். ஏறும்போது அவர் அதிகாரியைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்து, "அண்ணை, நீங்களும் தமிழ்தானே. உங்களுக்குத் தெரியாதே?" என்று கேட்டார். வண்டி போய்விட்டது. எந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள் என்பது அண்ணனுக்குத் தெரியவில்லை. இரண்டு முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்டால் வேறு மாதிரி நினைப்பார்கள் என்று ஒரு தோழர் எச்சரித்தார். நிறுத்திவிட்டார். இளைஞரின் பெயரை அன்று அவரே மொழிபெயர்த்துச் சொல்லியிருந்தார். 2005இல் அது அவர் நினைவில் இல்லை.

பதினேழு ஆண்டுகள் அண்ணன் தம்மைச் சமாதானப்படுத்திக்கொண்டது, அந்த இளைஞர் பொய் சொன்னார் என்ற ஒரே நம்பிக்கையில்தான். அகதி முகாமில் அந்த மழித்த தலையைப் பார்த்தபோது அது போய்விட்டது.

அதற்குப் பிறகு அவர் தேடினார். ஊருக்குத் திரும்பும் அகதிகளிடம் சந்தியின் பெயரை எழுதிக் கொடுப்பார். நிவாரண அமைப்பு ஒன்றுக்கு என்னை வைத்து இருமுறை கடிதம் எழுதினார். பெயர் இல்லாமல் தேட முடியாது என்று பதில் வந்தது. பெயின்டர் தம்பியிடம் அவர் முழுவதையும் சொன்னார். அவர் வெகுநேரம் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தாராம். பிறகு, "நான் போனால் விசாரிக்கிறன்" என்றாராம்.

பெயின்டர் தம்பி 2012இல் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் திரும்பினார். சொன்னபடி விசாரித்தார். மறு ஆண்டு தொலைபேசியில் செய்தி சொன்னார். அந்தச் சந்திக்கு அருகே சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கும் ஒருவர், 1988இல் தகப்பன் இறந்த மறுநாள் மொட்டைத் தலையோடு படையிடம் பிடிபட்டவர். நான்கு மாதம் வைத்திருந்து விடுவித்தார்களாம். சாவடியில் தமிழ் பேசும் சிப்பாய் இருந்தாரா என்று கேட்டதற்கு, "எத்தனையோ பேர் மறிச்சவை, ஆரெண்டு நினைவு வைக்கிறது" என்றாராம். தகப்பனின் திதி மாசியில் வருகிறது என்றும் சொல்லியிருக்கிறார்.

அண்ணன் தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்கிட்ட என் லெட்டர் இருக்குமே. தேதி பாரு."

எடுத்துப் பார்த்தேன். "ஒத்து வரலண்ணே. நீங்க நிறுத்தினது ஆவணி. இவரு சொல்றது மாசி."

அண்ணன் கடிதத்தை வாங்கி மடித்து உறையில் வைத்தார். பிறகு, "சரி. இவன் வேற ஒருத்தனாவே இருக்கட்டும். இவனாச்சும் வீட்டுக்கு வந்தான் இல்ல" என்றார்.

பந்தலில் கேட்ட கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். தாம் பொய்யென்று சொன்ன ஒரு சாவுமுறை உண்மையானது என்பதைத் தம் சாவில், தம் மகனின் தலையில் அண்ணன் ஒப்புக்கொண்டார். பையனுக்கு இது முன்பே தெரியும். அவன் ஒரு சொல்லும் மறுக்கவில்லை.

கடைசி மூன்று ஆண்டுகள் அண்ணன் சிறுநீரகக் கோளாறால் வாரம் இருமுறை புதுச்சேரிக்குப் போய் ரத்தம் சுத்திகரித்துக்கொண்டார். விடியுமுன் வந்து நின்று ஒரு நாளும் தாமதிக்காத பக்கத்து வீட்டு ஆட்டோக்காரருக்கும், அவரை "மிலிட்டரி அப்பா" என்று அழைத்துப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கொடி போர்த்த வந்த முன்னாள் படைவீரர்களுக்கும், கமிட்டியில் அன்று ஒரு மணி நேரம் ஏலத்தை நிறுத்தி வைத்த வியாபாரிகளுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. பெரிய மாமாவுக்கும் நன்றி. அவர் கேட்காவிட்டால் இதை எழுத நான் இன்னும் தள்ளிப்போட்டிருப்பேன்.

பதிவுக்காக ஒன்று. தந்தையின் திதியை ஒரு மகன் மாற்றிச் சொல்ல வாய்ப்பு குறைவு. அண்ணனின் கடிதத் தேதியோ அஞ்சல் முத்திரையோடு பொருந்துகிறது. இரண்டும் சரி என்றால் இவர்கள் இரண்டு மனிதர்கள். 1988 ஆகஸ்டில் அண்ணன் நிறுத்திய இளைஞர் வீடு திரும்பினாரா என்பது இம்மலர் அச்சுக்குப் போகும் இன்றுவரை உறுதிப்படவில்லை.