மிக்சி அக்காவும் பள்ளிக்கூடத்து மணியும்

மோட்டாரைக் கழற்றுவதற்கு முன்னால் மோந்து பார்ப்பாள் மிக்சி அக்கா. சமையல் மேடையில் மிக்சியைக் கவிழ்த்து வைத்து, அடியில் இருக்கும் ஓட்டைகளுக்கு நேராக மூக்கைக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு ஓர் இழுப்பு. "காயில் போகல. கார்பன் பிரஷ்தான் தேஞ்சிருக்கு. அரை மணி நேரம் குடுங்க" என்பாள். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை மூக்கு சொன்னது பலிக்கும். மீதிப் பத்துத் தடவை, "இன்னிக்கு எனக்குச் சளி" என்று மூக்கின் மேல் பழியைப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

"இதுல என்னத்தப் போட்டு அரைச்சீங்க?" என்று மட்டும் யாரையும் கேட்க மாட்டாள். "மெஷின் பொய் சொல்லாதுங்க. நான் கேட்டா நீங்கதான் சொல்ல வேண்டியிருக்கும். எதுக்கு உங்களுக்கு அந்தப் பாவம்?"

கழற்றிய திருகாணிகளை முட்டை அட்டையின் குழிகளில், கழற்றிய வரிசையிலேயே போட்டு வைப்பாள். டெஸ்டர் கொண்டைக்குள் செருகியிருக்கும். அதைத் தேடி வீடெல்லாம் அலைவாள். வீட்டுக்காரர்கள் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்பார்கள். ஒரு சர்வீஸ் சென்டரில் டோக்கன் எழுதிக் கொடுக்கும் வேலைக்குத்தான் முதலில் போனாள். கவுண்டருக்குப் பின்னால் நடந்ததைப் பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டவள். இப்போது ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் கருவிப் பெட்டியும் முதுகில் பையுமாக, மிக்சி, வாஷிங் மெஷின், ஃபேன் என்று நாளுக்கு ஏழெட்டு வீடு ஏறி இறங்குகிறாள்.

வேலை முடிந்து சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. "வருது" என்று சத்தமாகச் சொல்வாள். பிறகு ஐந்திலிருந்து ஒன்று வரை தலைகீழாக எண்ணுவாள். அதற்குப் பிறகுதான் மிக்சி ஓடும். பாதுகாப்புக்காக என்று வாடிக்கையாளர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது வீட்டிலிருந்து வந்த பழக்கம்.

வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு மூன்றரை. பெரியவளிடம் மொத்தம் முப்பது வார்த்தைகள் இருக்கின்றன. அவற்றையும் கஞ்சன் கையில் இருக்கும் காசு மாதிரி யோசித்து யோசித்துத்தான் செலவழிப்பாள். சின்னவள் அதற்கெல்லாம் சேர்த்து வைத்துப் பேசுவாள். "அவளுக்குத் தண்ணி வேணாமாம்மா. நீல டம்ளர்தான் வேணுமாம். கவுத்து வெக்கணுமாம்." இந்த மொழிபெயர்ப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வாழைப்பழத்தைப் பெரியவளேதான் உரிக்க வேண்டும். நடுவில் உடைந்துவிட்டால் அன்றைய பொழுதும் அதோடு உடைந்துபோகும். வாஷர் வளையங்களைச் சின்னதிலிருந்து பெரியது வரை தரையில் அடுக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. "என் கடையில அவதான் ஸ்டோர் கீப்பர்" என்பாள் அக்கா.

அவளுக்கு ஆகாதது சத்தம். இரண்டரை வயதில், அம்மா மிக்சியை வீட்டில் ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் போய்ச் சுவரில் தலையை மோதிக்கொள்வாள். பிடிவாதம் என்று நினைத்து ஒரு நாள் அக்கா அடித்துவிட்டாள். ஒரே ஓர் அடி. மூன்று மாதம் கழித்து, ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி, இந்தப் பிள்ளைகளில் சிலருக்குச் சத்தம் ஊசி மாதிரி இறங்கும் என்றும் விளக்கினார். "அவர் பேசப் பேச எனக்கு ஒண்ணும் காதுல விழல. நான் என் கையத்தான் பாத்துட்டிருந்தேன். அந்த அடி இன்னும் அங்கதான் இருக்கு" என்று சொல்லி உள்ளங்கையைத் திருப்பிக் காட்டுவாள்.

அழுதாளா என்று கேட்டால், "அழுதேன், அழாம? ஒரு ஞாயித்துக்கிழமை பூரா அழுதேன். திங்கக்கிழமை வேலை இருந்துச்சு" என்பாள்.

அந்தத் திங்கட்கிழமையே ஒரு பழைய மிக்சியின் வயரைப் பிடுங்கிவிட்டு மகள் முன்னால் வைத்தாள். ஒரு வாரம் அது பேசாமல் கிடந்தது. அடுத்த வாரம் மேலே இருக்கும் பல்சக்கரத்தைக் கையால் சுற்றிக் காட்டினாள். பிறகு மகளின் விரலைப் பிடித்துச் சுற்ற வைத்தாள். வயரை மாட்டிய நாளில், "வருது" என்று சொல்லி, எண்ணி, ஒரே ஒரு வினாடி ஓடவிட்டு நிறுத்தினாள். அம்மா அரைக்கும்போது பெரியவள் அதே அறையில் காதைப் பொத்திக்கொண்டாவது உட்காருவதற்கு எட்டு மாதம் ஆயிற்று. பார்த்தவர்கள், "பரவாயில்லையே, சரியாயிட்டு வருதே" என்பார்கள். அக்கா உடனே நிறுத்துவாள். "ரிப்பேருக்கு வந்தது உங்க மிக்சிங்க. என் பொண்ணு இல்ல."

பள்ளிக்கூடம்தான் அடுத்த மலை. இரண்டு பள்ளிகள் வாசலோடு அனுப்பிவிட்டன. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே இருக்கும் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கேயும் இரண்டு வருடம் கழித்து வரச் சொன்னார்கள். பக்கத்துத் தெருப் பள்ளியின் தலைமையாசிரியைதான், "திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் உக்கார வெச்சுப் பாப்போம். அதுக்கப்புறம் சொல்றேன்" என்று இறங்கி வந்தார்.

புதன்கிழமை காலை ஒரு வாஷிங் மெஷினின் முதுகைத் திறந்து வைத்திருந்தபோது போன் வந்தது. "இதுல யாரும் கை வெச்சிடாதீங்க, வந்துடறேன்" என்று வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு அக்கா ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

முதல் இரண்டு நாளும் பெரியவள் காதைப் பொத்தி, மேஜைக்கடியில் புகுந்து சமாளித்திருக்கிறாள். மூன்றாம் நாள் இடைவேளை மணி அடித்ததும் வகுப்பை விட்டு ஓடி, கை கழுவும் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் போய்ச் செருகிக்கொண்டாள். இழுக்கப் போன ஆயாவின் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். வந்து சேர்ந்த அக்கா கூப்பிடவுமில்லை, கையை நீட்டவுமில்லை. நாலு முழம் தள்ளி ஈரத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு கை வாஷர்களை எடுத்துத் தப்பும் தவறுமாக அடுக்க ஆரம்பித்தாள். இருபது நிமிடம் போயிற்று. அம்மா செய்த தப்பைப் பொறுக்க முடியாமல் ஸ்டோர் கீப்பர் வெளியே வந்து அதைத் திருத்தினாள்.

அதற்கப்புறம்தான் அக்கா ஆயாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். "மன்னிச்சுக்குங்கம்மா. ரொம்ப வலிக்குதா?"

"என் பேரன் கடிச்சதுக்கு இது தேவலாம்" என்றார் ஆயா.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேசக் கஷ்டமான விஷயம் என்றால் அவர் முதலில் கண்ணாடியைத்தான் துடைப்பார். "எனக்கு மனசில்லாம இல்லம்மா. முப்பத்தஞ்சு பிள்ளைங்களுக்கு ஒரு டீச்சர். ஒருத்தி பின்னால ஓடினா மத்த முப்பத்தி நாலு பேரை யார் பாக்கறது?"

"நியாயம்தான் மேடம். ஆனா வெள்ளிக்கிழமை வரைக்கும்னு சொன்னீங்க. இன்னிக்குப் புதன்தானே." அக்கா மகளை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். "உங்க பெல்லை நான் ஒரு தடவை பாக்கலாமா?"

பள்ளி விட்ட பிறகு ஏணி போட்டு ஏறினாள். மின்சார மணி ஒன்றாம் வகுப்பு வாசலுக்கு நேர் மேலே இருந்தது. தாங்கும் இரும்புத் தகட்டில் மூன்று திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. மணி அடித்தால் தகடும் சேர்ந்து கதறியது. "மேடம், இது பிள்ளைங்களைக் கூப்பிடல. பயங்காட்டுது" என்று மேலிருந்தே சொன்னாள். மணியை இறக்கித் தாழ்வாரத்தின் கடைசிக்குக் கொண்டுபோய், தகட்டுக்கு அடியில் சைக்கிள் டியூபை வெட்டி வைத்து முடுக்கினாள். தலைமையாசிரியை மைதானத்தின் கோடியில் நின்று, கேட்கிறது என்று கையை ஆட்டினார். அக்கா வெற்றியோடு வீட்டுக்கு வந்தாள்.

வியாழக்கிழமை முதல் மணிக்கே பெரியவள் மறுபடியும் ஓடினாள். டீச்சர் வாசலில் மறித்ததால் தொட்டி வரைக்கும் போகவில்லை. அலறல் மட்டும் பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்டது.

அன்று மத்தியானம் அக்கா வீட்டில் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். அவள் கணவர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். கருக்கலில் போய் மத்தியானம் திரும்புவார். பிள்ளைகளின் பிற்பகல் அவர் பொறுப்பு. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினாலே அதிகம். பெரியவள் யார் ஜாடை என்று கேட்டால் அவரும் சிரித்துக்கொள்வார்.

"சத்தத்தப் பாதியாக் கொறைச்சிட்டேங்க. இன்னும் என்னதான் பண்றது?" என்றாள் அக்கா.

அவர் நகத்துக்குள் இருந்த மாவைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். "சத்தமா அவளுக்குப் பிரச்சனை?"

"பின்ன?"

"நம்ம மிக்சி அந்த மணிய விட மோசம். அதுக்கு உக்காந்திருக்கால்ல." குச்சியைக் கீழே போட்டார். "நீ சொல்லிட்டுப் போடற. அங்க சொல்லாம அடிக்கறாங்க."

அக்கா தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். மூன்று வருடமாகத் தினமும் தன் வாயால் சொல்வது தன் காதிலேயே விழவில்லையே என்று நினைத்தாள். பிறகு, "இத நேத்தே சொல்றதுக்கென்ன?" என்று அவரைக் கோபித்துக்கொண்டு, கொண்டையிலிருந்த டெஸ்டரை வழக்கம்போல் வீடெல்லாம் தேடிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள்.

இந்த முறை மணியைத் தொடவே இல்லை. ஒன்றாம் வகுப்புக் கரும்பலகைக்கு மேலே சின்னதாக ஒரு பச்சை பல்பு மாட்டினாள். தாழ்வாரத்தில் மணியின் சுவிட்சுக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு சுவிட்ச் வைத்தாள். முதலில் விளக்கு. பத்து எண்ணிய பிறகு மணி. மணி நின்றதும் விளக்கை அணைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

மணி அடிக்கிற பியூனுக்கு அது பிடிக்கவில்லை. "ஒரு பெல்லுக்கு ரெண்டு சுவிட்சா? அடுத்த வருஷம் நான் ரிட்டையர் ஆவறேன். இப்பப் போய்ப் புதுசா ஒண்ணக் கத்துக்கணுமா?"

"பத்து வரைக்கும் எண்ணத் தெரியும்ல அண்ணே? அப்ப பாஸ்" என்றாள் அக்கா.

பள்ளி விட்டதும் மகளை அழைத்துவந்து காலி வகுப்பில் உட்கார வைத்தாள். பல்பு எரிந்தது. அக்கா பத்திலிருந்து கீழே எண்ணினாள். மணி அடித்தது. பெரியவள் எழுந்து ஓடினாள். மறுபடி அழைத்துவந்தாள். மறுபடி ஓட்டம். ஐந்தாவது தடவை வாசல் வரை போய் நின்றாள். ஏழாவது தடவை எழுந்திருக்கவில்லை. எட்டாவது தடவை பியூன், "எனக்கு டீ குடிக்கணும்மா" என்று போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அக்கா எந்த வீட்டுக்கும் போகவில்லை. ஒன்றாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே, தூணோடு தூணாக நின்றாள். பல்பு எரிந்ததும் "வருது" என்று மட்டும் சொன்னால் போதும் என்று டீச்சரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாள். டீச்சர் சொல்லிவிட்டுப் பத்து, ஒன்பது என்று எண்ணவும் செய்தார். ஆறு வருவதற்குள் முப்பத்தி நாலு பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். நாலில் பெரியவள் இரண்டு காதையும் பொத்தினாள். கண் பல்பை விட்டு நகரவில்லை. மணி அடித்தபோது தோள் இரண்டும் காதுவரை ஏறின. மணி நின்றது, பல்பு அணைந்தது, தோளும் இறங்கியது.

"போச்சு" என்றாள் பெரியவள். முப்பதில் ஒன்றைச் செலவழித்துவிட்டாள்.

இரண்டாவது மணியும் அப்படியே போயிற்று. சாப்பாட்டு மணிக்குப் பியூன் ஏதோ அவசரத்தில் விளக்கை மறந்துவிட்டு மணியை மட்டும் அழுத்திவிட்டார். பெரியவள் வீறிட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினாள். அக்காவின் கால் தானாகவே முன்னால் போனது. ஆனால் பெரியவள் தொட்டிப் பக்கம் திரும்பவில்லை. தாழ்வாரத்தில் நேராக ஓடிப் பியூன் முன்னால் போய் நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் பச்சை பல்பின் சுவிட்சைத் தட்டினாள்.

"லைட்டு" என்றாள். அழுகையோடுதான் சொன்னாள். ஆனால் அது அதட்டல்தான்.

பியூன் கையைக் கட்டிக்கொண்டார். "தப்புதாம்மா. இனிமே மறக்க மாட்டேன்."

தாழ்வாரத்தின் மறுகோடியில் தலைமையாசிரியை கண்ணாடியைத் துடைக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அக்காவை அறைக்குள் அழைத்து, மேஜை டிராயரிலிருந்து சேர்க்கைப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். "ஒரே நாள்ல எல்லாம் மாறிடும்னு நான் நெனைக்கலம்மா."

"நானும் நெனைக்கல மேடம். வாழைப்பழக் கதை ஒண்ணு இருக்கு. அத அடுத்த வாரம் சொல்றேன்."

அக்கா படிவத்தை நிரப்பினாள். தாய் தந்தை தொழில் என்ற இடத்தில் மெக்கானிக் என்று தன்னுடையதை முதலில் எழுதினாள். உடல்நிலை என்ற இடத்தில் டாக்டர் சொன்ன அந்த வார்த்தையை, மறைக்காமல், எழுத்துப் பிழையில்லாமல் எழுதினாள். கடைசியில், பிள்ளையைப் பற்றி ஆசிரியர்கள் அறிய வேண்டியவை என்று போட்டு அதற்கு ஆறு வரி இடம் விட்டிருந்தார்கள். 'எதையும் சொல்லிவிட்டுச் செய்யவும்' என்று முதல் வரியில் எழுதினாள்.

மீதி ஐந்து வரியும் காலியாகக் கிடந்தன. இனி வேறு யாரும் வந்து அதில் எதையும் எழுதிச் சேர்த்துவிடாதபடி, மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரைக்கும் அழுத்தமாக ஒரு கோடு இழுத்து, பேனாவை மூடினாள்.