எமனோடு ரோடு தாண்டுகிறேன்

வடக்கே, லக்ஷ்மிபாய் நகரில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போகும் பஸ் வரும் நேரம். என் வீட்டுக்காரர் வழக்கம்போல் திரும்பிப் பார்க்காமல் ரோட்டைத் தாண்டிவிட்டார். நான் "முருகா, முருகா" என்று இந்தப் பக்கமே நிற்கிறேன். யாரிடமும் உதவி கேட்கக் கூச்சம்.

சிக்னலில் எமதர்மன். கொம்பு வைத்த கிரீடம், கையில் பாசக்கயிறு, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. ஹெல்மெட் போடாதவர்களைப் பயமுறுத்த யாரோ வேஷம் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள்.

"தமிழா, மாஜி? என் கையைப் பிடிச்சுக்கோங்க."

"நீயா? வேற யாராச்சும் வருவாங்க தம்பி."

"வேற யாருக்கும் இங்க வண்டி நிக்காது. ஜல்தி!"

கையை நீட்டுகிறேன். அவன் கயிற்றைத் தூக்கியதும் வண்டியெல்லாம் நின்றுவிடுகிறது. சாவித்திரிக்குப் புருஷனைத் திருப்பிக் கொடுத்தவன், என்னைக் கொண்டுபோய் என் புருஷனிடம் விடுகிறான். அவர் வாயைப் பிளந்தபடி நிற்கிறார்.

பஸ்ஸும் வந்துவிட்டது. யாரையும் வெறுமனே 'போ' என்று அனுப்பி எனக்குப் பழக்கமில்லை.

"போயிட்டு வாப்பா" என்கிறேன்.

வீட்டுக்காரர் முகம் வெளிறுகிறது. நான் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

"அச்சா, மாஜி" என்கிறான் எமன். "அவசரமில்ல, மெதுவாவே வரேன்."