பாத்ரூம்ல கழுவுன வளகாப்பு ரோலு

எல்லாரும் உக்காருங்க. பேச்ச நிறுத்துங்க. வூட்ல ஒருத்தன் கேமராவும் கையுமா திரிஞ்சா மத்தவங்க என்ன பாடுபடுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். பிலிம் கழுவுற வேலைக்கு இருட்டும் வேணும், பொறுமையும் வேணும். எங்க கடலூர் வூட்ல இருட்டு பாத்ரூம்ல மட்டுந்தான் இருந்துச்சு, பொறுமை யாருகிட்டயும் இல்ல.

ரெண்டாயிரத்து ஆறுல நான் கத்துக்குட்டி. அப்பதான் என் சம்சாரம் செல்விக்கு வளகாப்பு. அது அதிகம் பேசாது. கை நெறைய வளையலோட தன்னை ஒரு போட்டோ எடுக்கச் சொல்லி அது ஒண்ணுதான் கேட்டுச்சு. அன்னிக்கு ஒரு ரோலு முழுக்க எடுத்துத் தள்ளுனேன்.

அடைச்ச கதவு

அந்த ரோல, டேங்க்னு சொல்ற கழுவுற டப்பால போட்டு மூடுற வரைக்கும் துளி வெளிச்சம் படக்கூடாது. ஜன்னல்ல போர்வைய மாட்டி, கதவு சந்துல துணியத் திணிச்சு, உள்ள நின்னு தடவிக்கிட்டிருந்தேன். பொண்ணக் கூட்டிட்டுப் போக காட்டுமன்னார்கோயில்லேர்ந்து பஸ்ல வந்த மாமனாரு, நேரா பாத்ரூமுக்குத்தான் வந்தாரு. அவரு செருமுனா டவுன் பஸ்ஸு கெளம்புற மாதிரி இருக்கும். தொறந்தா செல்வி போட்டோ மொத்தமும் போயிடும்னு உள்ளேர்ந்து கெஞ்சுனேன்.

"பக்கத்து வூட்டுக்குப் போறேன் மாப்ள. யாருன்னு கேட்டா உங்க மாமனாருன்னு சொல்லிக்கவா, வேணாவா?"

மீன் ஐஸு

பிலிம் கழுவுற மருந்து ஜில்லுன்னு இருக்கணும். எங்க மாடி டேங்க் தண்ணில டீயே போடலாம். வூட்ல பிரிட்ஜ் கெடையாது. துறைமுகத்துல மீன் மேல கொட்டுற ஐஸ ஒரு பக்கெட் வாங்கியாந்து, மருந்து பாட்டில அதுல முக்கி வச்சேன். ரோலு ஜோரா கழுவி வந்துச்சு. கொடில கிளிப்பு போட்டு தொங்கவிட்டேன். மீன் வாசனை தெருவரைக்கும் போச்சு. மாமனாரோட வந்துருந்த மாமியாரு எட்டிப் பாத்துச்சு.

"கொழம்பு கொதிக்குதுன்னு வந்தேன் மாப்ள. பிலிமா?"

போட்டோ

சிதம்பரத்துல ஒரு ஸ்டுடியோல பிரிண்ட் போட்டு, நேரா மாமனார் வூட்டுக்குப் போனேன். எல்லாரும் சுத்தி உக்காந்தாங்க. வளையல் போட்ட கை, மருதாணிக் கை, சந்தனம் பூசுன கை. வெளிச்சம் அழகா விழுந்துச்சேன்னு கிட்டக் கிட்டப் போயி அதையே எடுத்துருக்கேன். மூஞ்சிய கடைசில எடுத்துக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள ரோலு தீந்துபோச்சு. ஏதாவது ஒண்ணுலயாவது விழுந்துருக்கும்னு நம்பிக்கிட்டிருந்தேன். எதுலயும் இல்ல.

மாமனாரு எல்லாத்தையும் பொரட்டிட்டு, பொண்ணு எங்கன்னாரு. இதெல்லாம் கலைன்னு ஸ்டுடியோக்காரர் கொரல்ல பேசிக் காட்டுனேன். ஒருத்தரும் சிரிக்கல. செல்வி ஒரு போட்டோவ எடுத்து ரொம்ப நேரம் பாத்துட்டு கீழ வச்சுது.

"கொழந்த பொறந்ததும் சொல்லி அனுப்புறேன், வாங்க. கைய மட்டும் காட்டுறேன்."