ஆவாரம்பூ மஞ்சள்

கம்பளி நூலை அக்கா கையில் வைத்துப் பார்க்கமாட்டார். உண்டையைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பார். வெயிலில் ஒருமுறை, மேகம் மறைக்கும்போது மறுபடியும். கொண்டப்பநாயக்கன்பட்டி மலையடிவாரம் என்பதால் மேகத்துக்குப் பஞ்சமில்லை. அடுப்பில் உலை பொங்கி வழிந்தாலும் அந்த நேரத்தில் அவருக்குக் கேட்காது. "சத்தம் போடாத, உங்கக்கா பொண்ணு பாக்கறாங்க" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் அல்ல, என் கணவருடைய அண்ணன் மனைவி. சேலத்தில் மிஷன் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தபோது பின்னல் கற்றவர். அவருக்குக் குழந்தை இல்லை. என்ன பின்னுவது என்று முடிவு செய்துவிட்டு நூல் வாங்குகிறவர்கள்தான் உலகத்தில் அதிகம். அக்கா நிறத்தை வாங்கி வந்துவிட்டு, அது என்னவாக விரும்புகிறது என்று மாதக்கணக்கில் காத்திருப்பார். கத்தரிப்பூ நிறம் ஒன்று சால்வையாவதற்குள் இரண்டு மழைக்காலம் போனது. இன்று கடையில் அலமாரி நிறைய நிறங்களைப் பார்க்கிறேன். எதற்கும் காத்திருக்கும் பொறுமை எனக்கு இல்லை.

நான் முதல்முறை உண்டாகியிருந்தபோது, ஆவாரம்பூ மஞ்சளில் ஓர் உண்டை வந்தது. அதற்கு மட்டும் அக்கா காத்திருக்கவில்லை. பார்த்த அன்றே சிரித்துக்கொண்டு குல்லாய் பின்ன உட்கார்ந்தார். எங்கள் வீடுகளில் பிறக்காத பிள்ளைக்குப் புதிதாக எதுவும் செய்யமாட்டார்கள். பிறந்ததும் பழைய வேட்டித் துணியில்தான் சுற்றுவார்கள். விடுதியில் வளர்ந்த அக்காவுக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மஞ்சள் அவர் மடியில் வளர்வதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

மகன் பிறந்தான். பேர் வைப்பதற்குள் போய்விட்டான். அந்தக் குல்லாயோடுதான் அவனைப் புதைத்தார்கள்.

"பொறக்காத புள்ளைக்கு ஆராச்சும் புதுசு பின்னுவாங்களா?" என்று மாமியார் ஒரே ஒருமுறை கேட்டார். அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. சிப்பாய்களுக்குக் காலுறை பின்னச் சொல்லி வீடு வீடாகக் காக்கி நூல் கொடுத்துப் போனார்கள். அக்கா அதை மட்டும் பின்னினார். தொட்டி விளிம்பில் எதையும் வைக்கவில்லை. வீட்டில் ஆள் இருந்தும் விளக்கு ஏற்றாததுபோல் இருந்தது. என் துக்கத்தில் பாதியை அவர் எடுத்துக்கொண்டு போய் ஒளித்து வைத்துவிட்டார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. குழந்தையைப் பற்றிப் பேச எனக்கு வேறு யார் இருந்தார்கள்?

மறுபடியும் எனக்கு நாள் தள்ளிப்போனது. வயிறு தெரியத் தொடங்கியதும் அக்கா என் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டார். ஏற்காட்டுக் காற்று இறங்கும் ஒரு மார்கழிக் காலையில், அவருடைய தகரப் பெட்டியை நானே திறந்தேன். வேப்பிலைச் சருகுக்கு அடியில் அந்த மஞ்சளின் மிச்சம் இருந்தது. எடுத்துப்போய் அவர் மடியில், காக்கிக்கு மேலே வைத்தேன்.

"வேண்டாஞ் சாமி," என்றார். "புதுசு ஆகாது. எனக்கு இப்பத் தெரியும்."

"பழசுதானே போடோணும்? இது அண்ணன் போட்ட நெறம். பழசுதானுங்கக்கா."

அக்கா வெகுநேரம் என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். போய்விட்டவனை அண்ணன் என்று யாரும் அதுவரை சொன்னதில்லை. பிறகு பாதி வளர்ந்த காலுறையை ஊசியிலிருந்து உருவிக் கீழே வைத்துவிட்டு, மஞ்சள் நூலின் நுனியைத் தேடத் தொடங்கினார்.