பிலிம் டப்பாவில் போன நூல் மில்

எங்கள் வீட்டு முன்னறையில்தான் என் கணவரின் போட்டோ ஸ்டுடியோ. அட்டையில் ஊர்களை வாங்கி விற்கும் வியாபார விளையாட்டில் இருந்த ஊர்கள் போதாதென்று பிள்ளைகள் அம்பை, பாபநாசம், அணை, ஆலை என்று லீவுக்கு லீவு அட்டையும் காயும் செய்து சேர்த்தார்கள். பெட்டியை மூட முடியவில்லை. காலி பிலிம் டப்பாக்களில் காய்களை வகை பிரித்துப் போட்டு வைத்தேன். செலவே இல்லை.

ஒருமுறை விளையாட்டோடு பிள்ளைகள் விக்கிரமசிங்கபுரத்து அத்தை வீட்டுக்குப் போயிருந்தார்கள். கணவர் மேஜையைத் துழாவிவிட்டு, "கல்யாண ரோல் ஒண்ணைக் காணல. தாலி கட்டுனது அதுலல்லா இருக்கு" என்றார். முந்தின நாள் மேஜையைத் துடைத்து, டப்பாக்களை அள்ளிப் பிள்ளைகளின் பையில் போட்டது நான்.

அடுத்த பஸ்ஸில் போனேன். விளையாட்டு அட்டையின் நடுவில் அந்த ரோல் நின்றது.

"அது நூல் மில்லும்மா. மாமா அங்கனதான வேலைக்குப் போறாவ. என்ன இழுத்தும் பிரியல" என்றாள் மகள்.

நல்லவேளை, படம் எடுத்து முடித்ததும் பிலிம் முழுவதையும் முனைகூட வெளியே தெரியாமல் கணவர் உள்ளே சுற்றியிருந்தார். இழுத்து வெளிச்சம் பட்டிருந்தால் கல்யாணப் படமே போயிருக்கும்.

இப்போது காய்களுக்கு ஊறுகாய் பாட்டில்கள்தான். உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது. மில் இல்லாமல் ஆடமாட்டோம் என்றார்கள். தையல் மிஷினிலிருந்து நூல்கண்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன்.