பூசாரி கொடுத்த வரம்

“…அவுத்துவிட்டா நேரா கடைக்குப் போவான், அவுக்காட்டி மாத்திரையைத் தொடமாட்டான். ரெண்டு பக்கமும் கதவு சாத்தியிருக்கு. என்னைய வந்து என்ன செய்யச் சொல்றே தாயி?”

எங்கள் ஊர் அய்யனார் கோயில் பூசாரி என்னிடம் கேட்ட கேள்வி இது. போன வருஷம் மாசிக் கடைசியில் ஒரு காலை, கோயில் வாசலில் நின்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. குடியை நிறுத்த அவர் கட்டிய கயிறு என் தம்பி பூமிநாதனின் கையில் இருந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரை என் முந்தானை முடிச்சில் இருந்தது. தம்பியோ வீட்டு வேப்பமரத்தடியில் கை நடுங்க உட்கார்ந்திருந்தான். அதற்கு அப்புறம் பூசாரி என்ன செய்தார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எடுத்த எடுப்பிலேயே சொன்னால் அருமை தெரியாது. அய்யனாரைக் கும்பிடுகிற நீங்கள், நான் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேவிபட்டினத்துக்கு மேற்கே எங்கள் ஊர். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் நெல், அதற்குப் பின்னால் மிளகாய். தாயும் தகப்பனும் போன பிறகு தம்பியை வளர்த்தது நான்தான். எனக்குக் கல்யாணம் ஆனபோதும் உள்ளூரிலேயே மாப்பிள்ளை பார்த்தார்கள், தம்பியும் எங்கள் பக்கத்து வீட்டிலேயே இருந்தான். டிராக்டர் ஓட்ட, வரப்பு வெட்ட அவனை மிஞ்ச ஆள் கிடையாது. குடிக்காதபோது. அந்தக் ‘குடிக்காதபோது’தான் வருஷா வருஷம் சுருங்கிக்கொண்டே போனது. அவன் பெண்டாட்டி செல்வி சண்டை போட்டாள், அழுதாள், கடைசியில் அவனிடம் பேச்சையே நிறுத்திவிட்டாள். ‘கத்துற பொம்பளைக்குப் பயப்படாதே, கம்முனு இருக்கவளுக்குப் பயப்படு’ என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். இந்தப் புண்ணியவான் ரெண்டுக்குமே பயப்படவில்லை.

அந்த மாசிக்கு முந்தின ஆனி மாதம், அவனை ராமநாதபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் குடியை நிறுத்த வைத்தியம் பார்க்கிறார்கள். படுக்க வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை, வியாழக்கிழமை போய் வந்தால் போதும். மாத்திரை கொடுப்பார்கள். குடியை விட நினைக்கிறவர்களை ஒரு அறையில் சுற்றி உட்காரவைத்து, டாக்டரம்மா பேசவைப்பார்கள். ஆடி முழுக்க ஒழுங்காகப் போனான். முகம் தெளிந்தது. ஒருநாள் செல்வி அவனைப் பார்த்து, ‘சோறு வைக்கவா’ என்று கேட்டாள். எத்தனையோ மாதம் கழித்து அந்த வீட்டில் கேட்ட பேச்சு அது. நான் என் அடுப்படிக்குள் போய் நின்று அழுதேன்.

அய்யனாருக்கு அப்போதே நன்றி சொல்லியிருப்பேன். நல்லவேளை, அவசரப்படவில்லை.

புரட்டாசியில் விதைப்பு வந்தது. ஒரு வாரம் விதைப்பு என்று போகவில்லை. அடுத்த வாரம் பஸ் போய்விட்டது. அதற்கடுத்த வாரம் தலைவலி. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்ற கதைதான். நெருக்கிப் பிடித்துக் கேட்டதும் உண்மை வெளியே வந்தது.

“அங்கன வாரதெல்லாம் குடிகாரப் பயலுகளா இருக்காய்ங்கக்கா. அவிங்க கூட உக்காரக் கூச்சமா இருக்கு.”

“நீ என்ன, அங்கன கலெக்டராவா போனே?”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அன்று சாயந்தரமே கடைக்குப் போனான். அதோடு வியாழக்கிழமையும் போச்சு, செல்வியின் பேச்சும் போச்சு. தை வரைக்கும் நான் அய்யனாரோடு சண்டை போட்டேன். வெள்ளிக்கு வெள்ளி விளக்கு வைத்தேன், பொங்கல் வைத்தேன். ‘அய்யா, இத்தனை மண்குதிரை வாசலில் நிற்கிறதே, ஒன்றில் ஏறி எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் என்ன’ என்று கேட்டேன். அவர் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

நம் கோயிலில் கயிறு கட்டுவது உங்களுக்கே தெரியும். குடியை விட நினைக்கிறவனின் வலது கையில், சாமி காலடியில் வைத்த மஞ்சள் கயிற்றைப் பூசாரி கட்டுவார். அது கையில் இருக்கும்வரை அவன் குடிக்கக் கூடாது. கட்டியவரைத் தவிர வேறு யாரும் அவிழ்க்கவும் கூடாது. அதனால் பிழைத்த வீடுகள் இருக்கின்றன, நான் இல்லையென்று சொல்லமாட்டேன். மாசி பாதி கடந்ததும் தம்பியைக் கூட்டிப்போனேன். மறுபேச்சில்லாமல் கையை நீட்டினான். ‘இனி இவன் அய்யனார் பிள்ளை’ என்று பூசாரி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

திரும்பும் வழியிலேயே, ஆஸ்பத்திரிக்கும் ஒரு எட்டுப் போய்ச் சொல்லிவிடுவோம் என்றேன். திடீரென்று நீங்களாகக் குடியை நிறுத்தாதீர்கள், எங்களிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள் என்று டாக்டரம்மா முன்னமே சொல்லியிருந்தார்கள். தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

“கயிறு கட்டிக்கிட்டு மாத்திரையும் திண்டா, சாமிய நம்பலைன்னு ஆயிரும்க்கா.”

ஊரே அவன் பக்கம் நின்றது. டீக்கடையில், குழாயடியில் எல்லாம் இதே பேச்சு. சாமியையும் கும்பிட்டுக்கொண்டு சந்தேகமும் படலாமா என்று எனக்கே புத்தி சொன்னார்கள். காலையிலிருந்து இருட்டும்வரை குடித்துக்கொண்டிருந்த உடம்பு, ஒரே நாளில் சொட்டுக்கூட இல்லாமல் நின்றது.

இரண்டாம் நாள், களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. தம்பி கிளறிவிட்டுக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் வேர்வை. கையில் ஒன்றுமில்லாத இடத்தில் எறும்பு ஊர்கிறது என்று தட்டித் தட்டிவிட்டான். நான் தண்ணீர் எடுக்கத் திரும்பியபோது, அப்படியே மிளகாய்மேல் விழுந்தான். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை.

நம் சனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சாமி இறங்கிவிட்டது என்றார்கள். ஒருவர் சூடத்துக்கு ஓடினார். ஒருத்தி அவன் நெற்றியில் திருநீற்றை அப்பினாள். இன்னொரு பெரிய மனிதர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகூப்பி, “அய்யா, வந்திருக்கது யாருன்னு சொல்லணும். இந்த வருசம் மழை உண்டா?” என்று குறி கேட்டார். என் தம்பி சாகக் கிடக்கிறான், இவருக்கு மழை வேண்டியிருந்தது. கேப்பையில் நெய் வடியுதுன்னு சொன்னா கேக்குறவனுக்குப் புத்தி எங்கே போச்சு? நான் என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108க்குப் போன் போட்டார்.

பிழைத்துக்கொண்டான். ராமநாதபுரத்தில் வார்டில் பார்த்த டாக்டர் சின்ன வயதுக்காரர். குடியைத் திடீரென்று நிறுத்தினால் இப்படி வலிப்பு வரும் என்று விளக்கினார். கயிறு கட்டியது குற்றமில்லை, ஆனால் உடம்புக்கு மருந்து வேண்டும் என்றார். மாத்திரையைக் கொடுத்து, மறுபடி வியாழக்கிழமை டாக்டரம்மாவிடம் வரச் சொன்னார். இன்னொரு தடவை விழுந்தால் வண்டி வரும்வரை உயிர் நிற்குமா என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்தவன், மாத்திரைப் பட்டையைத் தொடவே இல்லை. கையில் கயிறு இருக்கிறதாம், தொட்டால் சாமி குத்தமாம். ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டானாம். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனவன் அந்த டாக்டரம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்றான். குடித்துவிட்டுத் தெருவில் கிடந்தபோது வராத வெட்கம், பிழைக்கப் போகும்போது வந்து நிற்கிறது. செல்வி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை விடிந்தது. தம்பியின் கை மறுபடி நடுங்கத் தொடங்கியிருந்தது. மாத்திரையை முடிந்துகொண்டு கோயிலுக்கு ஓடினேன். விளக்கில்லை, பூவில்லை, குளிக்கக்கூட இல்லை. சன்னிதிக்கு நேரே நின்று, வாய்விட்டே கேட்டேன். ‘அய்யா, நான் வைத்தியத்துக்குக் கூட்டிப்போனால் உன் பெயரைச் சொல்லி நிற்கிறான். உன்னிடம் கூட்டிவந்தால் வைத்தியத்தை விட்டுச் சாகப் போகிறான். உனக்கும் டாக்டருக்கும் நடுவில் கிடந்து நான் அல்லாடுகிறேன். உன் பிள்ளை என்று சொல்லிக் கட்டினாயே, உன் பிள்ளைக்கு ஒரு வழி சொல். இல்லையென்றால் உன் கயிற்றை நீயே எடுத்துக்கொள்.’ இதைப் பிரார்த்தனை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் என்னிடம் அன்றைக்கு இருந்தது அதுதான்.

பூசாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். கயிற்றை அவிழ்த்துவிடுங்கள் என்று அவரிடம் கெஞ்சினேன். அப்போதுதான் முதலில் எழுதினேனே, அந்தக் கேள்வியைக் கேட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாய்ங்க?”

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. அவர் முகம் கறுத்துவிட்டது.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதோ, தம்பி களத்தில் மிளகாய் கிளறிக்கொண்டிருக்கிறான், நான் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். நடுவில் சித்திரையில் ஒருநாள் சறுக்கினான். ஆனால் அந்த வியாழக்கிழமை யாரும் சொல்லாமல் தானே பஸ் ஏறிப் போய், அந்தக் ‘குடிகாரப் பயலுகள்’ நடுவில் உட்கார்ந்து, குடித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தான். அதற்குப் பிறகு சறுக்கவில்லை. செல்வி பேசுகிறாள். இப்போதெல்லாம் கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறாள், அவன் என்னிடம் வந்து முறையிடுகிறான். நல்லா வாங்கிக்கடா என்று விட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் பாதியில் நின்றுபோனவர்கள் இருப்பார்கள். அய்யனாரிடம் கேளுங்கள். அழகாகக் கேட்க வரவில்லையென்றால் எரிச்சலோடு கேளுங்கள், அவர் அதையெல்லாம் கணக்கில் எடுக்கிறவர் இல்லை. கேட்டுவிட்டு, விட்ட இடத்துக்கே திரும்பக் கூட்டிப்போங்கள். போன வழியிலே திரும்பி நடக்கிறவனுக்கு முள் எங்கே கிடக்கிறது என்று தெரியும். வெட்கப்பட ஒன்றுமில்லை. துணைக்கு யாரை அனுப்பவேண்டும் என்று அவருக்குத் தெரியும். நீங்கள் நினைத்த ஆளாக மட்டும் அது இருக்காது.

அன்றைக்கு என் வாய்த்துடுக்கைக் கேட்ட பூசாரி, மண்குதிரைகளை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னிடம் கையை நீட்டினார். மாத்திரைப் பட்டையை முடிச்சவிழ்த்துக் கொடுத்தேன். உள்ளே கொண்டுபோய் அய்யனார் காலடியில் வைத்து, சூடம் காட்டினார். கோயிலைப் பூட்டிக்கொண்டு எனக்கு முன்னால் எங்கள் தெருவுக்கு நடந்தார். வேப்பமரத்தடியில் இருந்த தம்பி அவரைக் கண்டதும் எழுந்து நின்றான். நெற்றியில் திருநீறு பூசி, மாத்திரையை அவன் உள்ளங்கையில் வைத்தார்.

“ஏலே, இதுவும் அவரு காலடியில இருந்துதான் வந்திருக்கு. முழுங்கிட்டுக் கிளம்பு.”

முழுங்கினான். மூன்று பேரும் பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரிச் சீட்டு கொடுக்கிற இடத்தில், நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று அவரைக் கேட்டார்கள். கயிறு கட்டினவன் என்றார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை, சொந்தம் என்று எழுதிக்கொண்டாள். சந்தனப் பொட்டும் குடுமியுமாக, டாக்டரம்மா அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து டாக்டரம்மா, ‘பூமிநாதன்’ என்று கூப்பிட்டார்கள். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். பூசாரிதான் எழுந்தார். தான் கட்டிய கயிற்றோடு சேர்த்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அவனுக்கு முன்னால் அந்த அறைக்குள் போனார்.